ஸ்டோர்கீப்பர் நிற்கும் இடம்

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை ஸ்டோர்கீப்பர் என்றுதான் சொன்னார்கள். அவருக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு மருந்து கம்பெனியின் கிடங்கை வேலை பார்த்த காலம் முழுக்கக் கட்டிக் காத்தவர். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. சர்க்கரை டப்பாவின்மேல் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டுவார். திறந்தால் சர்க்கரைதான் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும், இருந்தாலும் ஒட்டுவார். வாங்கிய தேதியையும் போடுவார். பழையது முதலில் போக வேண்டும், புதியது பின்னால் நிற்க வேண்டும். அவர் வீட்டில் தக்காளிகூட வரிசையில்தான் காத்திருந்தது.

மனைவி பார்த்தது வேறு மாதிரி வேலை. பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜைக்குத் தலைமை. கருநீலக் கோட்டு, கழுத்தில் கச்சிதமாக முடிந்த ஸ்கார்ஃப், எந்த நேரத்தில் யார் வந்து கத்தினாலும் கலையாத முகம். காலையில் அவள் கண்ணாடி முன் நின்று தயாராவதை இவர் கட்டிலில் உட்கார்ந்து வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் மட்டுமல்ல, போன வருடம் வரைக்கும்.

போன வருடம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் குளியலறையிலேயே விழுந்துவிட்டாள். பக்கவாதம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இவர் தட்டினார், கூப்பிட்டார், கெஞ்சினார். உள்ளேயிருந்து பதில் இல்லை, குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் தோளால் இடித்துக் கதவை உடைத்தார். அந்தத் தோள் ஆறிவிட்டது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வருவதற்கு முந்தின நாள், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீட்டில் இருந்த உள்தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பரண்மேல் தூக்கிப் போட்டார். அந்த வீட்டில் பெயர் எழுதி ஒட்டாத டப்பா அது ஒன்றுதான்.

பேச்சு அவளுக்கு முழுசாகத் திரும்பிவிட்டது, கொஞ்சம் நிதானம் கூடியிருந்தது, அவ்வளவுதான். இடது கால் கைத்தடியோடு சமாதானம் செய்துகொண்டு நடந்தது. இடது கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. தினமும் காலையில் அவளுக்கு உடை போட்டு விடுவது இவர் வேலை. நன்றாகவே செய்வார். வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், வருகிற கையைப் பிறகு. பட்டனைக் கீழிருந்து மேலே போட வேண்டும், தப்பாது. மனிதர் அதில் ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. பிரியமாகச் செய்தார். அவள் கையைத் தூக்கிப் பிடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். அவள்தான் அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி இருக்கையில் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. வரவேற்புக்குப் புதிதாகப் பெண்களை எடுக்கிறார்கள், வாரத்தில் சில காலைகள் வந்து பழக்கிக் கொடுக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"வர்றேன் சார். ஆனா நானே டிரெஸ் பண்ணிக்க முடியற அன்னிக்குத்தான் வருவேன். வேற ஒருத்தர் பட்டன் போட்டு அனுப்பிச்சுட்டு, நான் அங்க போயி 'நிமிர்ந்து நில்லுங்கடி'ன்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட எந்த வாயால சொல்றது?"

மேலாளர் சிரித்தார். புது ஆட்கள் சேரும்வரை காத்திருப்பதாகவும், அதற்கு மேல் என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் தன்மையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

போன் வைத்த பிறகும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் ஸ்டோர்கீப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அவ்வளவுதானே? நான் வழி பண்றேன். பக்கத்து ரூமைக் காலி பண்ணி, உள்ள நடந்து போற மாதிரி ஒரு அலமாரி கட்டிடலாம். எல்லாம் உனக்கு வசதியா, கைக்கு எட்டற மாதிரி."

"நிஜமாவா?" என்றாள் அவள்.

படுக்கையறையை ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறையில் உடைந்த மின்விசிறி முதல் உபயோகமில்லாத உடற்பயிற்சி சைக்கிள் வரை எல்லாம் குடியிருந்தன. அவற்றைக் கிளப்பி அனுப்பிவிட்டு அலமாரிக்காரரை வரவழைத்தார். நல்ல பருமனான மனிதர், காதில் பென்சில், தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்துவிடுவார். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பலகையில் ரம்பத்தை வைப்பதற்கு முன்னால், வரப்போகிற அலமாரி முழுவதையும் வெறும் சுவரிலும் தரையிலும் காகித டேப்பால் ஒட்டிக் காட்டிவிடுவார். கம்பி இங்கே, இழுப்பறை இங்கே, பெஞ்சு இங்கே என்று கோடுகோடாக.

"பலகையை அறுத்தா திரும்ப ஒட்டாது சார். டேப்பைப் பிச்சு எத்தனை தடவை வேணும்னாலும் ஒட்டலாம். கொஞ்ச நாள் இந்தக் கோட்டுக்குள்ளேயே குடித்தனம் பண்ணுங்க. கையை நீட்டிப் பாருங்க, குனிஞ்சு பாருங்க, உக்காந்து பாருங்க. இடிக்கிறது, எட்டாதது எல்லாம் அப்பவே தெரிஞ்சுடும். நம்ம கிட்ட டேப்பு செலவு கொஞ்சம் ஜாஸ்தி, சண்டை செலவு கம்மி" என்று சொல்லிச் சிரித்தார்.

ஸ்டோர்கீப்பருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு ஆளைத்தான் அவர் கிடங்கில் கடைசிவரை தேடினார்.

"மேடத்துக்கு என்ன மாதிரி வேணும்?" என்று அலமாரிக்காரர் வாசலில் தடியோடு நின்றவளைக் கேட்டார்.

"மேல கம்பி, இழுத்தா கீழ வர்ற மாதிரி" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"தினமும் போடறது என்ன மேடம்?"

"சட்டை, கால்சட்டை, கோட்டு. தினம் எடுக்கற சரக்கு முன்னாடி, எப்பவாவது எடுக்கறது பின்னாடி. எல்லாத்துக்கும் பேரு ஒட்டிடலாம்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"கண்ணாடி எங்க வைக்கலாம் மேடம்?"

அவள் வாயைத் திறந்தாள். "நின்னா முகம் தெரியற உசரத்துல" என்று இவர் முடித்துவிட்டார். திறந்த வாயை வீணாக்காமல் அவள் ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டாள்.

கம்பிக்கு உயரம் குறிக்க வேண்டும். "கையைத் தூக்குங்க" என்றார் அலமாரிக்காரர். ஸ்டோர்கீப்பர் தன் கையைத் தூக்கினார். விரல் நுனியில் பென்சில் கோடு விழுந்தது. "குனியாம எவ்வளவு தூரம் எட்டுது?" இவர் கை எட்டிய இடத்தில் இன்னொரு கோடு. யாருக்கான அலமாரி, யாருடைய கை என்று அந்த இரண்டு ஆண்களுக்கும் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கக்கூடியவள் வாசலில்தான் நின்றாள், அவளை யார் கேட்டார்கள்?

"அந்தப் பெஞ்சுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கற அளவு இடம் விடணும்" என்றார் ஸ்டோர்கீப்பர். "கோட்டு மாட்டி விடும்போது நான் நிக்கணுமில்ல."

அலமாரிக்காரர் தரையில் ஒரு சதுரத்தை ஒட்டினார். ஸ்டோர்கீப்பர் அதற்குள் போய் நின்று பார்த்தார், கச்சிதமாக இருந்தது. கதவு வேண்டுமா என்ற கேள்வியை அலமாரிக்காரர் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் "வேண்டாம்" என்றுவிட்டார்.

மறுநாள் அவர் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அலமாரி அறையை எட்டிப் பார்த்தால், கம்பிக்கான கோடு இறங்கியிருந்தது. ஒரு முழம் இருக்கும். கோணலாக வேறு ஒட்டியிருந்தது. இழுப்பறைக் கோடுகள் வலது பக்கம் நகர்ந்திருந்தன. தரையில் இருந்த சதுரத்தைக் காணவே காணோம்.

அலமாரிக்காரரைப் போனில் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். "எங்ககிட்ட கேக்காம அளவை மாத்தறது நல்லா இருக்கா?"

"சார், நான் நேத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே வரலையே!"

"அப்ப டேப்பு தானா நடந்துச்சா?"

ஸ்டோர்கீப்பர், அலமாரிக்காரர் விட்டுப்போயிருந்த டேப்பு உருளையையும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் எடுத்து, எல்லாவற்றையும் பழைய இடத்தில் நேராக ஒட்டினார். சதுரத்தையும் ஒட்டினார். ஹாலில் மனைவி பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப்பு சூட்டுல நழுவுது போல இருக்கு" என்றார்.

"இருக்கும்" என்றாள் அவள், பக்கத்தைத் திருப்பாமல்.

அடுத்த முறை அவர் வெளியே போய் வந்தபோது மறுபடியும் நழுவியிருந்தது. அதே உயரம், அதே கோணல். சதுரம் இல்லை. இவர் மறுபடியும் ஒட்டினார். பழைய டேப்பை உரித்தபோது அதன் முனைகளைக் கவனித்தார். கத்தரி பட்ட மாதிரி இல்லை, பல்லால் கடித்துப் பிய்த்தது போல் பிசிறு பிசிறாக இருந்தது. டேப்பைக் கடித்துப் பிய்க்கிற ஆள் பலகையை எப்படி அறுப்பானோ என்று அலமாரிக்காரர்மேல் இருந்த மதிப்பில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். கிடங்கில் ஒரு மாத்திரை அட்டை குறைந்தாலும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்த மனிதர்தான் இவர். சொந்த வீட்டில் மூக்கு அடைத்துக்கொண்டது.

அதற்கப்புறம் ஒரு பகலில், அலமாரிக்கு விளக்கு வாங்கக் கிளம்பியவர், லிஃப்ட்டில் கீழே போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டது தெரிந்து திரும்பி வந்தார். வீட்டுக்குள் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அவள் அவ்வளவு சத்தமாக வைக்கிறவள் இல்லை. அதையும் மீறி உள்ளேயிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்டோர்கீப்பர் படுக்கையறை வரைக்கும் போய், அப்படியே நின்றுவிட்டார்.

சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று அலமாரி அறையின் நடுவே கிடந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதை எப்படி அங்கே இழுத்து வந்தாள் என்று நினைக்கவே அவருக்கு பயமாக இருந்தது. டேப்பு உருளையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் இழுத்து, பல்லால் கடித்துப் பிய்த்தாள். உட்கார்ந்தபடியே கையை எட்டுகிற மட்டும் தூக்கி, எட்டிய இடத்தில் ஒட்டினாள். அவர் ரசமட்டம் வைத்து ஒட்டிய கோடு அதற்கு மேலே எங்கோ இருந்தது.

பிறகு மடியில் கிடந்த கருநீலக் கோட்டை விரித்தாள். இடது கையை வலது கையால் எடுத்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அந்தக் கையைக் கோட்டின் கைக்குள் வைத்தாள். கோட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. தடியின் வளைவால் கொக்கி போட்டு எடுத்தாள். மறுபடியும் வைத்தாள், மறுபடியும் விழுந்தது. "சனியனே" என்று கோட்டைத் திட்டினாள். அடுத்த தடவை கை உள்ளே போனது. மணிக்கட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முழங்கை. முதுகுப் பக்கம் கோட்டைக் கொண்டுபோக உடம்பைத் திருப்பினாள். நாற்காலி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏய், பாத்து!" என்று பாய்ந்தார் ஸ்டோர்கீப்பர்.

அவள் திடுக்கிட்டாள். கோட்டு நழுவித் தரையில் விழுந்தது.

அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றாள். "முழங்கை வரைக்கும் வந்திருந்துச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தரையைப் பார்த்தார். சதுரம் இல்லை. அது இருந்த இடத்தில் இழுப்பறைகளுக்கான கோடு புதிதாக ஒட்டியிருந்தது.

"நீதானா இதெல்லாம்? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"திறந்தேனே. திறக்கும்போதெல்லாம் உள்ள நீங்க பேசிட்டு இருந்தீங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் ஒண்ணு சொன்னா நீங்க அதுக்கு ஒன்பது காரணம் சொல்வீங்க. டேப்புக்குக் காரணம் சொல்ல முடியாதுல்ல, அதான்."

"இந்த இடத்துல நான் நிக்கணும்மா."

"தெரியும். அதனாலதான் எடுத்தேன்."

"நான் நிக்கலேன்னா உனக்கு யாரு கோட்டு மாட்டி..."

கேள்வி பாதியில் நின்றது. தன் குரலைத் தானே கேட்டுவிட்டார் மனிதர். அவளே உடுத்திக்கொள்வதற்காக என்று சொல்லித்தானே இத்தனையும் ஆரம்பித்தார்? கம்பி தன் கைக்கு, கண்ணாடி தன் கண்ணுக்கு, பெஞ்சுக்குப் பின்னால் தன் காலுக்கு இடம். நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்து, ரசமட்டம் வைத்து, தனக்கே ஒரு அலமாரி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தில் அவர் காது சூடாகிவிட்டது.

"உங்களுக்கு ரொம்ப வசதியா இருக்குங்க இந்த அலமாரி" என்றாள் அவள். "குனிய வேண்டாம், எல்லாம் கைக்கு எட்டுது, நிக்க இடம் இருக்கு. பேசாம என் கோட்டைப் போட்டுக்கிட்டு நீங்களே ஹோட்டலுக்குப் போயிட்டு வாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. அவளும் சிரித்தாள். அவர் குனிந்து கோட்டை எடுத்து, ஒரு நொடி தயங்கி, அவள் தோளில் போடாமல் மடியில் வைத்தார்.

அப்போதுதான் வாசல் சட்டத்தில், உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருந்ததைப் பார்த்தார். "இது என்ன?"

"இங்க கதவு வரணும். இது அதுக்குத் தாழ்ப்பாள்."

அவர் முகம் மாறியது. "அது மட்டும் வேண்டாம்."

"இந்த வீட்டுல நான் தனியா இருக்கற இடம் ஒண்ணு சொல்லுங்க. குளிக்கும்போது கதவைத் தள்ளிட்டு எட்டிப் பாக்கறீங்க. தூங்கும்போது மூச்சு வருதான்னு குனிஞ்சு பாக்கறீங்க. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"அன்னிக்கு நான் எப்படிக் கத்தினேன் தெரியுமா? நீ அந்தப் பக்கம் உயிரோட இருக்கியா இல்லையான்னுகூடத் தெரியல எனக்கு. தண்ணி மட்டும் ஓடுது..." இத்தனை மாதத்தில் இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் வலது கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் தரையில் உட்கார வைத்தாள்.

"தெரியும். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். நீங்க கூப்பிட்டது, கெஞ்சினது, கதவை இடிச்சது. எனக்கு வாய் வரல, அவ்வளவுதான். இப்ப வருது. விழுந்தா கூப்பிடறேன். கூப்பிட்டா வாங்க. கூப்பிடாதவரைக்கும் வராதீங்க. இவ்வளவுதான் நான் கேக்கறது."

இவ்வளவுதான் என்று அவள் சொன்னது சின்ன விஷயம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஸ்டோர்கீப்பர் தலையை ஆட்டினார்.

அலமாரிக்காரர் பலகை அறுக்க அளவு எடுத்துப் போக வந்தபோது சுவரில் இரண்டு வரிசைக் கோடுகள் இருந்தன. ஒன்று நேர், ஒன்று கோணல். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், எந்தக் கோட்டுல அறுக்கணும்?"

"கோணல் கோட்டுல. மிச்சத்தை மேடத்தைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டோர்கீப்பர் சமையலறைக்குப் போய்விட்டார். அங்கேயிருந்து காதை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

மேடம் கேட்க ஆரம்பித்தாள். வலது பக்கம் கைப்பிடி வைத்த பெஞ்சு, சுவரோடு சேர்த்து முடுக்கியது, சாயாதது. கம்பி உட்கார்ந்த கைக்கு எட்டுகிற உயரம். இழுப்பறை ஆழமாக வேண்டாம், துணி ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகக் கிடக்க வேண்டும், முழங்காலால் தட்டினால் திறந்துகொள்ள வேண்டும். பட்டன் போடும்போது சட்டை நழுவாமல் பிடித்துக்கொள்ள பெஞ்சு ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை. கண்ணாடி, உட்கார்ந்தால் முகம் தெரிகிற உயரத்திலிருந்து கீழே தரை வரைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அவள் தோள் மட்டத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு கோட்டை விரித்துப் பிடிக்கிற ஒரு மரத்தோள். யாரோ ஒருவர் பின்னால் நின்று கோட்டை விரித்துப் பிடிப்பது போல.

"அதாவது சாருக்குப் பதிலா ஒரு மரக்கட்டை" என்றார் அலமாரிக்காரர்.

"ஆமா. இது பேசாது" என்றாள் மேடம்.

சமையலறையில் ஒரு டம்ளர் சத்தமாக வைக்கப்பட்டது.

தாழ்ப்பாள் பேச்சு வந்ததும் ஸ்டோர்கீப்பர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அலமாரிக்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு நடுவழி சொன்னார். உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும், வெளியே ஒரு பிளவு இருக்கும், அவசரத்துக்கு அதில் ஒரு காசைச் செருகித் திருப்பினால் திறந்துகொள்ளும். அவள் யோசித்தாள்.

"சரி, இருக்கட்டும். காசு அவர்கிட்ட இருக்கும். ஆனா திருப்ப மாட்டார்."

அலமாரி வந்து உட்கார்ந்த பிறகு பழகுகிற படலம் நடந்தது. அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு நாள் கால்சட்டையோடு போராடிக் களைத்து, சட்டை போடாமலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து படுத்துவிட்டாள். இன்னொரு நாள் மரத்தோளில் கோட்டு மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்தே அதன் பரம்பரையையே திட்டினாள். ஒரு நாள் அழுதாள். ஸ்டோர்கீப்பர் படுக்கையறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த போர்வைகளை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை. மருந்துப் பெட்டிகளைத் தலையில் தூக்கிய காலத்தில்கூட இப்படி வியர்த்ததில்லை.

ஹோட்டலுக்குப் போக வேண்டிய முதல் நாள் வந்தது. டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று. அவள் குளித்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் திரும்பியது.

கதவுக்கு வெளியே நின்றார். சட்டைப் பையில் காசு இருந்தது. முந்தின நாளே தேடி எடுத்து வைத்திருந்தார், பிளவுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று அவள் தூங்கும்போது சரிபார்த்தும் வைத்திருந்தார். உள்ளே முழங்கால் இழுப்பறையைத் தட்டியது. துணி உரசியது. பெஞ்சு கைப்பிடியில் உடம்பு சாய்ந்து மூச்சு விட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. வராத கை முதலில், வருகிற கை பிறகு. அவர் விரல்கள் காற்றில் தாமாகவே பட்டன் போட்டுக்கொண்டிருந்தன.

அப்போது உள்ளே 'தடால்' என்று ஏதோ விழுந்தது.

அப்புறம் சத்தமே இல்லை.

ஸ்டோர்கீப்பருக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கும் தண்ணீர் ஓடவில்லை, இருந்தாலும் கேட்டது. காசு எப்போது பையிலிருந்து வெளியே வந்தது என்று தெரியாது, பிளவுக்குள் செருகியாகிவிட்டது. விரல்கள் இறுகின. கொஞ்சம் திருப்பினால் போதும். 'கூப்பிட்டா வாங்க' என்றாள். கூப்பிட முடியாமல் கிடந்தால்? அன்றைக்கும் இப்படித்தானே? ஆனால் முழங்கை வரைக்கும் வந்திருந்தால்? இந்த நேரத்தில் கை சரியாக முழங்கை வரைக்கும் வந்திருந்தால்? அவர் கண்ணை மூடிக்கொண்டார். காசு பிளவுக்குள் கிடுகிடுவென்று ஆடியது.

"தடிதான் விழுந்துச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "காசை வெளிய எடுங்க, சத்தம் கேக்குது."

அவர் காசை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டிலில் போய் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தாழ் திரும்பியது. கதவு திறந்தது.

வெள்ளைச் சட்டை, கருநீலக் கோட்டு. ஸ்கார்ஃப் அந்தக் காலத்து முடிச்சு இல்லை, ஒரு வளையத்துக்குள் நுழைத்து இழுத்தது, ஆனாலும் அழகாக இருந்தது. வேர்வையில் நெற்றி மயிர் ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள். ஸ்டோர்கீப்பர் கட்டிலில் உட்கார்ந்தபடியே, போன வருடம் வரைக்கும் பார்த்த மாதிரி வாயைப் பிளந்து பார்த்தார். எவ்வளவு நாளாகிவிட்டது இப்படி உட்கார்ந்து பார்த்து! அந்த இடத்தை இழந்ததுகூடத் தெரியாமல், தரையில் ஒரு சதுரத்துக்காக அல்லவா இத்தனை நாள் மல்லுக்கு நின்றார்.

"எப்படி இருக்கு?"

"மேலாளர் வேலைக்கே ஆபத்து" என்றார்.

அவள் திரும்பி நடந்தபோது பார்த்தார், பின்பக்கம் கோட்டின் காலர் உள்ளே மடிந்திருந்தது. விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். அவர் கை எழுந்தது. பாதி வழியில் அதைப் பிடித்துத் திருப்பிப் பைக்குள் விட்டுக்கொண்டார். லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே போனார். காலர் கண்ணைக் குத்திக்கொண்டே வந்தது. மென்று விழுங்கிக்கொண்டு வந்தார்.

லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய், பின்சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்து, அவரையும் பார்த்தாள்.

"என்ன மூஞ்சி அது? பின்னாடி ஏதாவது சரியில்லையா?"

"காலர் மடிஞ்சிருக்கு."

"சொல்லியிருக்கலாமே?"

"நீ கூப்பிடலையே."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். மூடப்போன கதவைத் தடியால் தடுத்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைக் கொஞ்சம் குனிந்துகொடுத்தாள்.

"கூப்பிடறேன். வாங்க."

அவர் உள்ளே போய்க் காலரை எடுத்து விட்டார், ஒரே இழுப்பு. அவ்வளவுதான் வேலை. வெளியே வந்தார். கதவு மூடியது, எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

வீட்டுக்குள் வந்தார். பிறகு ஏணியைப் போட்டுப் பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார். தாழ்ப்பாள்களையும் திருகாணிகளையும் தரையில் கொட்டி, குளியலறைக் கதவுக்கு உண்டானது எது என்று தேட ஆரம்பித்தார். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. கழற்றும்போதே பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் கதவில் வைத்துப் பார்த்தார்.